எலுமிச்சை வாசம்

ஆளுக்கு ஆயுசு முழுக்க ஒரே சிலிக்கான் ஸ்ட்ராதான் என்று ஆனபிறகு, வாடகைக்கு வீடு தேடிப் போனால் யாரும் 'நீங்க சைவமா?' என்று கேட்பதில்லை. ஸ்ட்ராவை வாங்கி மோந்து பார்க்கிறார்கள்.

நிறைமதிக்கு இது பதினோராவது வீடு. கால் முறிந்து கிடந்தபோது குடித்த ஆட்டுக்கால் சூப்பின் வாசனை ஸ்ட்ராவை விட்டுப் போகவே இல்லை. மூன்று நாள் சோடா உப்பில் கொதிக்கவைத்து, எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்து எடுத்து வந்திருந்தாள்.

வீட்டுக்காரம்மா அதை மூக்கைவிட்டு எடுப்பதாகவே தெரியவில்லை. நிறைமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கவிச்சி வாடை துளிகூட இல்லம்மா," என்றாள் வீட்டுக்காரம்மா.

அப்பாடா என்றிருந்தது.

"எலுமிச்சை வாசம்தான் தூக்குது. காப்பி வாசனைகூட இல்ல, மோர் வாசனைகூட இல்ல," என்று ஸ்ட்ராவைத் திருப்பி நீட்டினாள் வீட்டுக்காரம்மா. "ஒளிக்க ஒண்ணுமில்லாதவங்க இந்தக் கழுவு கழுவ மாட்டாங்க."