கீரைப் பாத்தியில் கோழிகள்

"உங்க கோழிங்க இன்னைக்கும் கீரையை மேஞ்சுட்டுப் போயிடுச்சுங்க!"

விடிந்ததும் விடியாததுமாக வீட்டுத் தோட்டத்திலிருந்து மனைவி கத்தினாள். தையற்காரர் சாவகாசமாக எழுந்து வந்தார்.

சொந்தக் கீரை வீணாகக் கூடாது என்பது அவர் கட்டளை. அதனால் ஒரு மாதமாக வீட்டில் மூன்று வேளையும் கீரைதான். இந்த ஒரு வாரமாகக் கோழிகள் தினம் ஒரு பாத்தியைக் காலி செய்துகொண்டிருந்தன.

"பாவம்ப்பா, வாயில்லா ஜீவனுங்க. அடிச்சிடாதீங்க" என்று மகளும் ஓடி வந்தாள்.

"நான் எங்கேம்மா அடிக்கிறது? அத்தனையையும் நேத்து சாயங்காலமே உங்க அத்தை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேனே."

மனைவி திருதிருவென்று விழித்தாள். முதுகுக்குப் பின்னால் அவள் மறைத்திருந்த அவருடைய துணி வெட்டும் கத்தரிக்கோல் நழுவிக் கீழே விழுந்தது.

"அதானே, எந்தக் கோழி இவ்வளவு நேரா வெட்டும்?" என்றார் தையற்காரர்.

மகள் அழாத குறையாகக் கேட்டாள்: "அப்ப இனிமே முட்டையும் கிடையாதா?"