பல் அகன்ற வாரி

கடை வாசல் வெயிலில் இலையை ஊதித் தள்ளும் மிஷின் ஒன்று நிற்கிறது. பக்கத்தில், சுவரோடு சாய்ந்து சருகு அள்ளும், பல் நெருங்கிய கம்பி வாரியும் பல் அகன்ற மர வாரியும். எது வசதியோ அதை வாங்கிக்கொள்ளும்படி தோட்டக்காரரிடம் முதலாளியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். தோட்டக்காரர் கைப்பிடிகளைத் தடவிப் பார்க்கிறார். கடைக்காரர் மிஷினை முடுக்குகிறார். வாசலில் கிடக்கும் சருகெல்லாம் அலறியடித்துத் தெருவுக்கு ஓடுகிறது. "பாத்தீங்களாண்ணே? பொழுது சாயற வரைக்கும் குனிஞ்சு கிடக்க வேணாம். பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடலாம்."

வீடு என்றதும் தோட்டக்காரரின் கை இடுப்புச் சாவியைத் தொடுகிறது. மனைவி தவறிப்போய் ஏழு மாதம். பூட்டுவதும் அவர்தான், திறப்பதும் அவர்தான். அவர் மர வாரியை எடுத்து, சுவரோரம் மிஞ்சிய சருகின் மேல் இழுக்கிறார். பல்லிடுக்கில் பாதி நழுவிப் பின்னால் தங்கிவிடுகிறது. கடைக்காரர் சிரிக்கிறார். "அய்யோ, அது சல்லடைண்ணே! ஒரே இடத்தை மூணு தடவை வாரணும். வேலை வெட்டி இல்லாதவன்தான் அதை வாங்குவான்."

தோட்டக்காரர் வாரியைத் தோளில் சாத்திக்கொள்கிறார். "மூணு தடவைதானா? நாலு தடவை வாருற மாதிரி ஒண்ணு இல்லியா தம்பி?"