ஆளுக்கொரு செருப்பு

சர்க்கரை நோய் முற்றி, பழனியாண்டியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த வருடமே மகன் திருமூர்த்தியின் இடது கால் லாரிச் சக்கரத்தில் போனது. இருவருக்கும் ஒரே அளவு பாதம். அதனால் செல்லாயி கணவனுக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்புதான் வாங்குவாள். வாசலில் அது எல்லா வீட்டுச் செருப்புகளையும் போலவே கிடக்கும். ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு, கட்டையை ஊன்றியபடி இருவரும் டீக்கடைக்குப் போவார்கள். இடது செருப்பு சீக்கிரம் தேய்ந்தால், "அப்பாதான் ரொம்ப அலையிறாரு" என்பான் மகன்.

மாசியில் பழனியாண்டி நெஞ்சுவலியில் செத்துப்போனார். செத்தவர் பொருள் வீட்டில் இருக்கக் கூடாதென்று, அவருடைய பாய் தலையணையோடு வாசலில் கிடந்த செருப்பையும் ஜோடியாகவே அள்ளிக்கொண்டுபோய்ச் சுடுகாட்டில் வீசிவிட்டார் ஒரு பங்காளி. கொள்ளி வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பிய திருமூர்த்தி, தன் செருப்பை வாசலில் தேடியபோதுதான் அது தெரிந்தது.

"உசுரோட இருக்கிற புள்ள செருப்பு அங்க கெடக்கலாமா?" என்று செல்லாயி எழுந்தாள். பொம்பளை போகக் கூடாத இடம் என்று சொன்ன யாரையும் அவள் காதில் வாங்கவில்லை.

வெயில் சாயும்போது திரும்பி வந்தாள். கையில் இரண்டு செருப்பும் இருந்தன.

"அப்பாவோடத எதுக்கும்மா கொண்டாந்த?"

செல்லாயி இரண்டையும் வாசலில் சேர்த்து வைத்தாள்.

"ஒன்னோடத மட்டும் எடுத்துக்கிட்டுத்தாண்டா திரும்புனேன். அப்பாவோடது அங்க ஒத்தையில கெடந்துச்சு."