டாக்டரின் தாடி

"கத்தரிக்கோல் எங்க, நிம்ரத்?"

டாக்டர் குர்விந்தர் சிங் கேட்டதும் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கனடாவின் பிராம்ப்டன் நகர் முழுக்கத் தொற்றுக் காய்ச்சல். முதியோர் இல்லத்தில் அவருடைய நோயாளிகள் கிடந்தார்கள். தாடியால் அவருக்கு முகமூடி இறுகவில்லை. இறுகாதவருக்கு உள்ளே அனுமதி இல்லை.

"பிறந்ததுலேருந்து கத்தி படாத முடிங்க! குரு கொடுத்தது!"

"சேவை செய்னு சொன்னதும் அவர்தானே? அங்க பஜன் பீஜிப் பாட்டி மூச்சுக்குத் தவிக்குது. குடு."

கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறைக்குள் 'நறுக்'கென்று சத்தம் கேட்டது. காரிலும் அவள் அவரைப் பார்க்கவில்லை.

இல்லத்தின் வாசலில், முகமூடியோடு நின்றவர் தலைமேல் உறையை மாட்டி, நர்ஸ் உள்ளே கசப்பு மருந்தைத் தெளித்தாள். முகமூடியில் இடைவெளி இருந்தால் நாக்கில் கசக்கும். "கசக்குதா, டாக்டர்?"

"உங்க காப்பி அளவுக்குக்கூட இல்லம்மா!"

"டெஸ்ட் பாஸ்! உள்ள போங்க!"

உறையைக் கழற்றியபோதுதான் நிம்ரத் நிமிர்ந்தாள். தாடி முழுசாக இருந்தது. சீக்கியர்கள் தாடி படியத் துணி கட்டுவதுபோல், அதை அழுத்தி மூடித் தலைப்பாகைக்குள் ஏறியிருந்தது ஒரு பச்சை ரப்பர் பட்டை. அதன்மேல் முகமூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி மனுஷா! அது என் முட்டிவலிப் பட்டை!"

"வெட்டினதுல பாதியை உனக்கு வச்சிருக்கேன்!" என்றபடி உள்ளே ஓடினார் டாக்டர்.