முதுகுப் பக்க சென்சார்

“மணி நாலு ஆகப்போவுது. நாலரைக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிருவாவ. ஆடுதீங்களா, பயந்துட்டீங்களா?”

ரோஸ்மேரி கறுப்பு பனியனை மாட்டிக்கொண்டே கேட்டாள். எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட பனியன். நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று என இரண்டு சென்சார்களை அவள்தான் அதில் வைத்துத் தைத்தாள்.

“நான் செஞ்ச துப்பாக்கி. எனக்கென்ன பயம்?” என்றான் வேல்குமார்.

கம்பெனியில் அவன் தையல் மிஷின் மெக்கானிக். அவள் டெய்லர். ஆண்டு விழாவில் எல்லாரும் ஆட ஒரு லேசர் விளையாட்டு செய்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வேலம்பாளையத்தில் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் ராத்திரியெல்லாம் சால்டரிங் வைத்தான். பேர்தான் லேசர். பிளாஸ்டிக் குழாய்க்குள்ளிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம். சென்சாரில் பட்டால் பனியன் கீச்சிடும், தோளில் எரியும் ஐந்து விளக்கில் ஒன்று அணையும். துப்பாக்கி தயாராகும்வரை வீட்டு டிவி ரிமோட்டை அமுக்கித்தான் பனியனைச் சோதித்தான். அது தகரத்தில் பட்டுத் திரும்பி, உள்ளே டிவியிலும் சேனல் மாறும். சீரியல் போச்சு என்று அம்மா முத்தாயி முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“பந்தயம் ஞாபகம் இருக்குல்லா?” ரோஸ்மேரி குரலைத் தாழ்த்தினாள். “நான் ஜெயிச்சா இன்னைக்கே உங்கம்மாட்ட நம்ம விஷயத்தைச் சொல்லணும்.”

“நான் ஜெயிச்சா தீபாவளி வரைக்கும் நீ கேக்கக் கூடாது.”

“தீபாவளிக்கு நான் இங்க இருக்க மாட்டேன். அடுத்த வாரம் அப்பா உடன்குடிக்கு வரச் சொல்லுதாவ. மாப்பிள்ளை பாத்தாச்சாம்.”

வேல்குமார் ஜன்னலைப் பார்த்தான். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. அம்மா வருஷம் தவறாமல் பழனிக்கு நடப்பவள். ரோஸ்மேரி காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். இதை எந்த முனையில் ஆரம்பிப்பது?

“கண்ணு, காப்பி வெக்கட்டுமா?” ஜன்னலில் முத்தாயி.

“வேண்டாம்மா” என்று முனகினான். டிவி சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை. முத்தாயி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் பாய்ந்து, எட்டிப்பார்த்து, முதல் சூட்டிலேயே ரோஸ்மேரியின் விளக்கு ஒன்றை அணைத்தான். அடுத்த நிமிஷம் இன்னொன்று.

“என்னங்க டெய்லரம்மா, ஊசி கோக்கறதுன்னு நெனச்சீங்களா?”

அவன் பனியன் கீச்சிட்டது.

“கோத்தாச்சு” என்றாள்.

பெட்டிக்குப் பின்னால் நன்றாகக் குனிந்துகொண்டான். மறுபடி கீச். மறுபடி கீச்.

“எங்கிருந்து சுடறே? நான் முழுசா மறைஞ்சிருக்கறேன்.”

“எனக்கென்ன தெரியும்? நான் சுட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

முதுகுப் பக்க சென்சார்தான் கத்துகிறது. தகரத்தில் பட்டுத் திரும்புகிறதோ? இடம் மாறிப் படுத்தான். உள்ளே செய்தி பாட்டானது, பாட்டு சமையலானது. இந்த அம்மா ஒரு சேனலில் நிற்க மாட்டாள். கீச். மறுபடி கீச். கடைசி விளக்கும் அணைந்தது.

ரோஸ்மேரி துப்பாக்கியை வாயருகே வைத்து ஊதினாள். “போங்க. போய்ச் சொல்லுங்க.”

வேல்குமார் மெதுவாகப் பனியனைக் கழற்றினான். எவ்வளவு மெதுவாகக் கழற்ற முடியுமோ அவ்வளவு மெதுவாக. உள்ளே சமையல் கிரிக்கெட்டானது. கையிலிருந்த பனியன் கீச்சிட்டது.

அவன் பனியனைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். முகத்தில் உயிர் வந்தது.

“ரோஸி, ரிமோட்டு. அம்மா சேனல் மாத்தறப்ப எல்லாம் எம்மேல பட்டிருக்குது. எந்த ரிமோட்டு வெளிச்சம் பட்டாலும் இது அவுட்டுன்னு எடுத்துக்கும், நான் அதைச் சரி பண்ணவே இல்ல. நீ ஜெயிக்கலை. பந்தயம் செல்லாது.”

ரோஸ்மேரி சிரிப்பாள் என்று பார்த்தான். அவள் தன் பனியனைக் கழற்றி, இஸ்திரி போட்டதுபோல் மடித்து, பெட்டிமேல் வைத்தாள்.

“சரி. தீபாவளிக்குப் பாக்கலாம்” என்றாள். “பையை எடுத்துக்கிட்டுக் கெளம்புதேன்.”

“கோவமா? இரு, ரிமோட்டைக் கொண்டாந்து காட்டறேன்.”

பின்னாலேயே அவளும் வர, வீட்டுக்குள் நுழைந்தான்.

முத்தாயி டிவிக்கு முதுகைக் காட்டி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ரிமோட் இன்னும் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஷெட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

“இருவது வருசமா மிஷின் சத்தத்துல வேலை பாக்கறவளுக்கு வாய் அசைஞ்சாப் பத்தாதா கண்ணு?” என்றாள். “நீ உக்காரு அம்மிணி, ஹாஸ்டலுக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன். ஏஞ்சாமி, இப்பவாச்சும் வாயத் தொறக்கறயா, இல்ல அந்தப் பனியன மறுக்கா மாட்டறயா?”