தாடிக்காரனின் மூன்றாம் பாகம்

சோலையப்பனின் பெட்டிக்கு ஜிப் ஏறவில்லை. வீரபாண்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தினான். ஒரு மனிதரை ஊருக்குத் துரத்தியும் விட்டுவிட்டு, அவர் பெட்டியையும் நாமே மூடிக்கொடுக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே ஜிப்பை இழுத்தான்.

“மெதுவாடா, உள்ள பால் டப்பா இருக்கு. டீ வாங்கி வச்சேனே, குடிக்கலையா? ஆறுது பாரு,” என்றார் சோலையப்பன்.

வளைகுடாவில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஆறு வருடமாக இருவருக்கும் ஒரே அறை, மேலும் கீழுமாகக் கட்டில். அறையின் மற்ற நான்கு பேரும் சைட்டுக்குப் போயிருந்தார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி வீரபாண்டி மட்டும் தங்கிவிட்டான். பொய்யும் இல்லை, நாலு நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு நாளைக்கு முன்னால்தான் கேம்ப் பாஸ் நேராக உள்ளே வந்து, சோலையப்பனின் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, சமைக்கிற ஹீட்டரை எடுத்தார். பக்கத்து கேம்ப்பில் தீப்பிடித்ததிலிருந்து கெடுபிடி அதிகம். அறையில் சமைத்துப் பிடிபட்டால் விசா கேன்சல், கம்பெனியே டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடும் என்று கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

ஹீட்டர் அங்கே இருப்பது வீரபாண்டி ஒருவனுக்குத்தான் தெரியும். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர், மற்றவர்கள் கடைக்குப் போயிருந்த ஒரு லீவு நாளில் அதை எடுத்து உப்புமா கிண்டினார். நன்றாக அடிப்பிடித்த உப்புமா. அதில் பாதியை இவன் தட்டில் போட்டு, “யார்கிட்டயும் சொல்லிடாதடா” என்றார்.

யார் யார் சமைக்கிறார்கள் என்று காதில் போட்டால் வெயிலிலிருந்து எடுத்து ஸ்டோர் டியூட்டி தருவதாகக் கேம்ப் பாஸ் சொல்லியிருந்தார். ஹீட்டரைத்தானே பிடுங்குவார்கள் என்று வீரபாண்டி மனசைத் தேற்றிக்கொண்டான். நோட்டீஸ் படிக்கத் தெரியாதவனா அவன்?

“ஏன்டா உம்முன்னு இருக்க? வியாழக்கிழமை கோட்டுக்காரன் வர்றான்ல. டிக்கெட் போட்டியா?”

இருவருக்கும் உளவாளிப் படங்கள் என்றால் உயிர். எந்த மாடியிலிருந்து குதித்தாலும் கோட்டு கசங்காத இங்கிலீஷ் உளவாளிக்கு இவர்கள் வைத்த பெயர் கோட்டுக்காரன். ஊருக்கு ஊர் தாடியை மாற்றுகிற இந்தி உளவாளி, தாடிக்காரன். வீரபாண்டி கோட்டுக் கட்சி, சோலையப்பன் தாடிக் கட்சி. இந்தச் சண்டை இல்லாமல் ஒரு லீவு நாள் கழிந்ததில்லை.

“போடலண்ணே.”

“போடு. அஞ்சாவது பாகம். எப்படியும் ஒரு துரோகி இருப்பான், அவன மாடியிலேர்ந்து தள்ளி விடுவான். நாலு பாகமா வேற என்ன பண்ணான் உங்காளு?”

“பின்ன, துரோகிய மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா?” பழக்கத்தில் வாய் முந்திவிட்டது. சொன்ன பிறகுதான் வீரபாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“தாடிக்காரன் தள்ளலையே. கூட இருக்கிறவன்தான் காட்டிக் குடுக்கிறான்னு தெரிஞ்சும் டீ வாங்கிக் குடுத்தான்ல.”

“ரெண்டாம் பாகத்த எப்படி முடிக்கிறதுன்னு டைரக்டருக்குத் தெரியலண்ணே.”

“ஏன் குடுத்தான்னு மூணாம் பாகத்துல தெரியும். தீபாவளிக்கு ரிலீஸ்.”

எல்லை தாண்டுகிற கதை என்று தடை போட்டுவிடுவதால் தாடிக்காரனுக்கு இங்கே தியேட்டர் கிடைத்ததில்லை; ரெண்டு பாகத்தையும் போனில்தான் பார்த்தார்கள். மூன்றாம் பாகத்தை ஊரில்தான் பார்ப்பேன் என்று சோலையப்பன் ரெண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப் போய்ப் பார்ப்போம் என்று பாவம், அவர் கனவு கண்டிருப்பாரா? அவர் மனைவி ஜோதிமணிக்கு இது ஒன்பதாம் மாதம். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வேலை இல்லாதவராகப் போய் நிற்கப்போகிறார்.

வெளியே பிக்கப்பின் ஹாரன் கேட்டது. “யல்லா, யல்லா,” என்று டிரைவர் அவசரப்படுத்தினான்.

வீரபாண்டியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சோலையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, நான்தாண்ணே கேம்ப் பாஸ்கிட்ட சொன்னேன். உப்புமா தின்ன கை காயல, நேரா போய்ச் சொல்லிட்டேன். என்னையச் செருப்பால அடிங்க.”

சோலையப்பன் கையை உதறவில்லை. முகத்தில் கோபமும் இல்லை.

“நீ வாராவாரம் அவர் ரூமுக்குப் போறது எனக்குத் தெரியும்டா.”

“தெரியுமா?”

“மூத்தவ பொறந்தத போன்ல பாத்தேன். சின்னவன் பொறந்ததையும் போன்லதான் பாத்தேன். இந்தத் தடவை பக்கத்துல இருக்கணும்னு மூணு தரம் லீவு கேட்டேன். ப்ராஜெக்ட் முடியிற வரைக்கும் மாஃபி, லீவே கிடையாதுன்னுட்டாங்க.”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

“அதான் ஹீட்டர உனக்கு மட்டும் காட்டுனேன்.”