உச்சியில் ஒரு தகரப்பெட்டி

கடல் நீளமாக மலைகளுக்குள் புகுந்து கிடக்கும் அந்த நோர்வே ஊரில், மலையேறி ஓடுகிறவர்கள் உச்சியிலுள்ள தகரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரையும் ஏற எடுத்த நேரத்தையும் எழுதிவிட்டுத்தான் இறங்குவார்கள். குகனேசன் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. அவனுக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். ஒவ்வொரு வாரமும் அவன் நேரத்துக்குக் கீழே யாரோ பெயரே போடாமல், நான்கு நிமிடம் குறைத்து, கோணல் இலக்கத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். எவனோ வெள்ளைக்காரப் பெடியன் என்று பல்லைக் கடித்துக்கொள்வான்.

அந்த ஞாயிறு, மனைவி சிவகௌரியின் தமையன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு.

"முழங்கால் நோகுது, நீர் போயிட்டு வாரும்" என்று முனகிக்கொண்டு போர்வைக்குள் புகுந்தான் குகனேசன். சமையலுக்கு ஒத்தாசை செய்யவேண்டும் என்று அவள் வெள்ளெனவே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றரை மணித்தியாலம் பொறுத்து அவன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த மலையில் ஏறினான்.

நாற்பத்திரண்டு நிமிடத்தில் உச்சி. மூச்சு வாங்கப் பெட்டியைத் திறந்தான். கொப்பியில் அவனை இத்தனை மாதமாக எரித்த அதே கோணல் எட்டு. இம்முறை பக்கத்தில் தமிழும் இருந்தது.

"38 நிமிசம். இஞ்சேருங்கோ, உங்கடை வேட்டியும் காருக்குள்ளை கிடக்கு. படகுத்துறையிலை நிக்கிறன். கெதியா இறங்கி வாங்கோ."

கீழே, தீப்பெட்டி அளவில், அவர்களுடைய சிவப்புக் கார் நின்றது.

குகனேசன் பேனையை எடுத்துத் தன் பெயரையும் நாற்பத்திரண்டையும் எழுதினான். வெகுநேரம் யோசித்துவிட்டு, பக்கத்தில் சேர்த்தான்:

"முழங்கால் நோவோடை."